மூன்றாவது பரிந்துரை

அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை, ஆராய்ச்சி மையம் கல்யாண வீடு போல ஆகிவிட்டது. பின்னே? பதினோரு வருடத்தில் நாற்பத்தேழு பரிந்துரைத் தாள்கள் போட்டிருக்கிறார்கள். ரொட்டி மானியம், தண்ணீர்க் கட்டணம், பட்டதாரிகளின் வேலையின்மை என்று எழுதாத விஷயம் கிடையாது. ஒவ்வொன்றையும் அமைச்சர்களின் செயலாளர்களுக்கு அனுப்பி, பின்னாலேயே நினைவூட்டல் அனுப்பி, பெருநாளுக்கு வாழ்த்தும் அனுப்பி அலுத்துப்போனவர்கள். ஒரு தாளையாவது யாராவது படித்தார்களா என்றால், அதற்கு அத்தாட்சி இல்லை. இப்போதுதான் முதல் முறையாக, நாற்பத்தேழாம் தாளில் கண்ட பரிந்துரை ஏற்கப்பட்டு, ஞாயிறு முதல் நடைமுறைக்கு வந்திருப்பதாக முத்திரையோடு ஒரு கடிதம்.

இயக்குநர் ஹிக்மத் அதைச் சத்தமாக மூன்று முறை படித்தார். நகரத்துக் கடையிலிருந்து ஒரு பெரிய தட்டு குனாஃபா இனிப்பு வரவழைத்து, சூடு ஆறுவதற்குள் எல்லாரும் சாப்பிட வேண்டும் என்று அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டினார்.

அந்தத் தாளை எழுதியவள் தக்ரீத். பெயர் மட்டும் அதில் இருக்காது. ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர் நாற்பது ஐம்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை கொடுப்பார். அதைப் படித்து, சமன்பாடுகளை எல்லாம் உதறிவிட்டு, அமைச்சர் கார் சிக்னலில் நிற்கிற நேரத்தில் படித்து முடிக்கிற மாதிரி இரண்டு பக்கத்தில் சுருக்க வேண்டும். இதுதான் அவளுக்கு ஆறு வருடமாக வேலை. பேராசிரியர்களுக்கு 'கூடும்', 'தோன்றுகிறது' இல்லாமல் ஒரு வாக்கியம் இறங்காது. அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு 'செய்ய வேண்டும்' என்று எழுதுகிறவள் அவள். அதற்காகச் சம்பளம் வாங்குகிறவள், தப்பு சொல்ல முடியாது.

குனாஃபாவை வாயில் வைத்துக்கொண்டே கடிதத்தோடு வந்த உத்தரவைப் புரட்டினாள். எந்தப் பரிந்துரையை எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் புரட்டினாள். பார்த்ததும் கையில் இருந்த மீதித் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

மூன்றாவதை எடுத்திருந்தார்கள்.

அந்தத் தாள் எதைப் பற்றியது என்று சொல்லிவிட வேண்டும். கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போகாததற்குக் வீட்டாரின் கட்டுப்பாடு, வழக்கம், வெட்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களே, அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, டாக்டர் முன்திர் என்ற பேராசிரியர் பஸ்ஸைப் பார்த்தார். மூன்று வருடம் பாடுபட்டுக் கணக்கெடுத்தார். விடியற்காலையில் நம்பகமான பஸ் இருக்கிற ஊர்களில் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், இல்லாத ஊர்களில் போவதில்லை. நல்ல ஆய்வு. அதிலிருந்து தக்ரீத் இரண்டு பரிந்துரை எடுத்தாள். விடிகாலை வண்டிகளில் காலியாகப் போகும் இருக்கைகளின் நஷ்டத்தை அரசே ஏற்றுக்கொண்டு, நேரம் தவறாமல் ஓடச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. பஸ் ஏறுகிற இடங்களுக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்பது இரண்டு. ஆய்வில் இருந்தது அவ்வளவுதான்.

ஆனால் ஹிக்மத்திடம் ஒரு சட்டம் உண்டு. பரிந்துரை மூன்றாக இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் எது வேண்டும் எது வேண்டாம் என்று சண்டை வரும், நான்கு இருந்தால் வீட்டுப்பாடம் மாதிரி இருக்கும், மூன்று இருந்தால்தான் பெரிய மனிதர்கள் தலையாட்டுவார்கள் என்பார். நாற்பத்தேழு தாளிலும் மூன்றுதான். இந்தத் தாளை முடித்த அன்று வியாழக்கிழமை, வாரக் கடைசி, மணி மூன்றரை. தாளை அழகாக அடுக்கித் தருகிற லுப்னா கைப்பையை மாட்டிக்கொண்டே, இரண்டாம் பக்கத்தில் நாலு வரி இடம் காலியாகக் கிடக்கிறது, சீக்கிரம் எதையாவது கொடுத்துத் தொலை என்று நச்சரித்தாள்.

அன்று காலையில் தக்ரீத் ஏழாவது வட்டச் சந்திப்புக்கு அருகில் ஒரு கோஸ்டர் பஸ்ஸுக்குப் பின்னால் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன பஸ்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே, நடுரோட்டில் நிறுத்தி, ஒருத்தியை ஏற்றி, அவள் மறந்துவிட்டு வந்த கைப்பை வரும்வரை காத்திருந்து, ஓட்டுநர் சிகரெட்டும் பற்றவைத்தான். அந்த எரிச்சல் மாலை வரை அவளுக்கு இறங்கவில்லை. நாலு வரி எழுதிக் கொடுத்தாள்: "மேலும், பயணிகளின் பாதுகாப்பையும் சாலை ஒழுங்கையும் கருதி, சிற்றுந்துகள் பதிவு பெற்ற நிறுத்தங்களில் மட்டுமே நிற்பதை உறுதிசெய்ய வேண்டும். இது பெண்களின் பயணத்தை மேலும் நம்பகமாக்கும்." படிக்க நன்றாகத்தான் இருந்தது. லுப்னாவும் நாலு மணி வண்டியைப் பிடித்துவிட்டாள்.

டாக்டர் முன்திருக்குத் தாளைப் பார்வைக்கு அனுப்பினார்கள். அவர் தன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதைத் திருத்தி, மிக்க நன்றி என்று போட்டுத் திருப்பி அனுப்பினார். பேராசிரியர்கள் தங்கள் பெயரைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை.

முதல் இரண்டுக்கும் அரசாங்கம் காசு செலவழிக்க வேண்டும். மூன்றாவதுக்கு ஒரு போலீஸ்காரனும் ஒரு ரசீதுப் புத்தகமும் போதும். அதனால் அதை எடுத்துக்கொண்டார்கள். பதிவு பெறாத இடத்தில் நின்றால் ஓட்டுநருக்கு அபராதம், மூன்றாம் முறை உரிமம் போய்விடும் என்று உத்தரவு. தக்ரீத் அன்று முழுக்க எல்லாரிடமும் கைகுலுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே என்னவோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. மறுநாள் உம் லைத் பேசியபோது பிடிபட்டது.

உம் லைத், அதாவது லைத்தின் அம்மா, தாளின் முதல் பக்கத்தில் இருக்கிற பெண். ஒவ்வொரு தாளிலும் ஒரு பெட்டி போடுவார்கள். அதில் உயிருள்ள ஒரு ஆளின் கதை, பக்கத்தில் ஒரு படம். எண்களைப் படிக்காத அமைச்சர்கூடப் பெட்டியைப் படிப்பார் என்பது தொழில் நம்பிக்கை. அதற்காக மாதபாவுக்குத் தெற்கே ராஸ் ஹஜர் என்ற ஊருக்கு தக்ரீத் போயிருந்தாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவள் உம் லைத், மூன்று பிள்ளைகள், கணவன் அகபாவில் காவல் வேலை, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறவன். மருதோன்றி மணக்கும் கையோடு சேஜ் இலைத் தேநீர் போட்டுக் கொடுத்து, நாள் முழுக்கப் பேசினாள். கிளம்பும்போது தக்ரீத் தன் எண்ணைக் கொடுத்து, எதுவானாலும் கூப்பிடுங்கள் என்றாள். அப்படிச் சொல்வது வழக்கம். யாரும் கூப்பிடுவதில்லை.

உம் லைத் அவளை டாக்டர் என்றுதான் அழைப்பாள். கையில் கோப்பு வைத்திருக்கிற எல்லாரும் அங்கே டாக்டர்தான். தக்ரீத் ஒரு முறை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"டாக்டர், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. பஸ் நிக்க மாட்டேங்குது" என்றாள்.

அதற்குப் பிறகு சொன்னதைத் தக்ரீத் நின்றுகொண்டே கேட்டாள். இத்தனை வருடமும் ஓட்டுநர் அபூ முஹன்னத் விடிகாலை ஐந்தேகாலுக்கு அவர்கள் வீட்டுக்குப் பிரிகிற மண்பாதை முனையில் நிறுத்தி, இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அங்கிருந்து வேலைக்குப் போகிற பெண்கள் மூன்று பேரும் கதவுக்கு உள்ளேயே காத்திருந்து, சத்தம் கேட்டதும் வெளியே வருவார்கள். ஆண்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதனால்தான் சொல்லவில்லை. இருட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிக்காரர்கள் விளக்கடித்துப் பார்க்க நிற்பது என்றால் எந்த மாமனாரும் சம்மதிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஹாரன்கூட அடிக்காமல் போய்விட்டது. பதிவு பெற்ற நிறுத்தம் மூன்று கிலோமீட்டர் தள்ளி, மூடிக்கிடக்கிற பெட்ரோல் பங்குக்கு எதிரே. திங்களன்று நடந்து போனார்கள், நாய்கள் துரத்தின. செவ்வாயன்று மழை, போகவே முடியவில்லை.

"ரெண்டு நாள் போயிருச்சு. மாசத்துல மூணு நாள் சொல்லாம நின்னா வேலைக் கார்டைப் பிடுங்கிருவாங்க டாக்டர், அங்க அப்படித்தான். உங்களுக்குப் பெரிய ஆளுங்களையெல்லாம் தெரியுமே. யாரோ உக்காந்து புதுசா சட்டம் போட்டிருக்காங்களாம். ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

பார்க்கிறேன் உம் லைத், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள் தக்ரீத். யார் அந்தச் சட்டத்தைப் போட்டது என்று சொல்ல அந்த இடத்திலேயே வாய்ப்பு இருந்தது. சொல்லவில்லை. அவளுக்கே அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை; முதலில் சரிசெய்வோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போனாள். டாக்டர் முன்திர் கேஸ் ஹீட்டருக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது பரிந்துரையை அவரிடம் படித்துக் காட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி படிக்கச் சொன்னார்.

"இது யாரோட ஆய்வு?"

"உங்களோடதுதான், டாக்டர். உங்க தாள்."

"என் ஆய்வுல நிறுத்தத்தைப் பத்தி ஒரு வரி கிடையாதேம்மா. கேட்டிருந்தா நான் நேர் எதிராச் சொல்லியிருப்பேன். வீட்டு வாசல்ல நிக்கிற பஸ்லதான் பொண்ணுங்க ஏறுறாங்க, பின்னிணைப்புல அட்டவணையே இருக்கு."

இருந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில். அவள் முப்பத்தாறோடு நிறுத்தியிருந்தாள், அவசரம். சரி, அப்படியானால் அமைச்சகத்துக்கு நீங்களே ஒரு மறுப்புக் கடிதம் எழுதுங்களேன் என்று கெஞ்சினாள். முன்திர் நல்ல மனிதர், ஆனால் துறைத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருந்த நேரம். அமைச்சகம் ஏற்றுக்கொண்ட ஒரே ஆய்வு என்று விண்ணப்பத்தில் முதல் வரியாக எழுதியிருந்தார். மென்று முழுங்கினார். இன்னும் கொஞ்சம் தரவு சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதினால்தான் பொறுப்பாக இருக்கும் என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டாள். ஒன்றரை வருடம் என்று கூசாமல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஹிக்மத்திடம் போனாள். படியேறும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் மூன்று முறை ஒத்திகை பார்த்துக்கொண்டாள். உள்ளே நுழைந்ததும் அவர் அவளைப் பேசவே விடவில்லை. மையத்துக்கு வெளிநாட்டிலிருந்து நிதி கொடுக்கிறவர்கள் செவ்வாய் கழித்து அடுத்த செவ்வாய் வருகிறார்கள். இந்த வெற்றியைப் பற்றி அவள் ஒரு பக்கம் எழுத வேண்டும், பழைய பெட்டிக்காரியையே மறுபடி போட்டு, இப்போது அவள் எப்படிச் சந்தோஷமாக வேலைக்குப் போகிறாள் என்று எழுத வேண்டும். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஆறு வருடமாக வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டிருந்த அவளுடைய ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கப் போகிறார்கள். கையெழுத்து அந்த வருகைக்கு மறுநாள்.

தக்ரீத் வாயைத் திறந்தாள். ஹிக்மத் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டி, "உன்னாலதான் மகளே, உன்னாலதான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பொய் வேஷம் போடுகிற ஆள் இல்லை அவர், அதுதான் கஷ்டமாகப் போயிற்று. அவள் சரி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் ஜன்னலுக்குப் போவாள், அங்கிருந்து காப்பி போடப் போவாள், ஏலக்காய் தட்டியதை மறந்துவிட்டு வருவாள். கணினியில் வெற்றிக் கதையின் முதல் வரியை எழுதுவாள், அழிப்பாள். "விடியற்காலை ஐந்தேகால். உம் லைத்" என்று எழுதுவாள். அதற்கு மேல் கை ஓடாது. கார் ஓட்டும்போது எந்த பஸ் நின்றாலும் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பாள், பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். லுப்னா, உனக்கு என்ன பேயா பிடித்திருக்கிறது, நிரந்தர வேலை கிடைக்கிறவள் இப்படியா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று கேட்டாள். தக்ரீத் அவளிடம் எரிந்து விழுந்தாள். அப்புறம் மன்னிப்பும் கேட்டாள்.

திங்கட்கிழமை உம் லைத் இரண்டாவது முறை கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. மூன்று பேரில் ஒருத்தி வேலையை விட்டுவிட்டாள், இன்னொருத்தியை அண்ணன் நிறுத்திவிட்டான். இப்போது நான் மட்டும்தான் போகிறேன் என்றாள். மாமனார் கையில் தடியோடு கூட வருகிறார், மூன்று கிலோமீட்டர் போகவும் வரவும். அவருக்கு எழுபத்தொரு வயது, நெஞ்சில் சளி.

"அவர் எந்திரிக்க முடியாத அன்னிக்கி என் கதை முடிஞ்சுது டாக்டர். பஸ்காரன்கிட்டயாவது நீங்க கொஞ்சம் பேசிப் பாக்க முடியுமா? எனக்காக இல்ல, பெரியவரைப் பாக்கப் பாவமா இருக்கு."

பஸ்காரனின் எண்ணை வாங்கிப் பேசினாள். இந்தப் பாதி வேலைக்கு அவளுக்கு உடனே தெம்பு வந்துவிட்டது, பாருங்கள். தன்னை உம் லைத்துக்குத் தெரிந்தவள் என்று மட்டும் சொன்னாள். அபூ முஹன்னத் பிடித்துக்கொண்டார். முதல் நாளே வழியில் வேறொரு ஊரில் தவறிப்போய் நிறுத்தியதில் ரசீது கொடுத்துவிட்டார்களாம், இன்னும் இரண்டு ஆனால் உரிமம் போய்விடும், பதினெட்டு வருடமாக அந்தப் பெண்களைச் சொந்தத் தங்கைகள் மாதிரி ஏற்றி இறக்கியவர் அவர், இப்போது கண்ணாடியில் அந்த வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டே கடந்து போக வேண்டியிருக்கிறது.

"எவனோ படிச்சவன், ஏசி ரூம்ல உக்காந்து எழுதியிருக்கான். அவன் பொண்டாட்டி இருட்டுல நின்னு பஸ் ஏறுனதே இல்ல போல. கையில கிடைச்சா, நாய் துரத்தத் துரத்த அந்த மூணு கிலோமீட்டரும் ஓட விடணும்."

"ஆமா" என்றாள் தக்ரீத்.

செவ்வாய் முடியட்டும் என்று முடிவு செய்தாள். நிதி கொடுக்கிறவர்கள் வந்து போகட்டும், மறுநாள் கையெழுத்து ஆகட்டும், அதற்குப் பிறகு நேராக அமைச்சகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம். நிரந்தரமாகிவிட்டால் அவ்வளவு சுலபமாகத் துரத்த முடியாது. எண்ணிப் பார்த்தால் பத்து நாள்தான். பத்து நாளில் என்ன ஆகிவிடப் போகிறது, பெரியவர்தான் கூட வருகிறாரே என்று தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு உம் லைத் கூப்பிடவில்லை. கூப்பிடாதது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பழகிவிட்டிருக்கும், இல்லாவிட்டால் கூப்பிட்டிருப்பாளே என்று நினைத்தாள். அவளாக ஒரு முறையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

வெற்றிக் கதையை எழுதிக் கொடுத்தாள். பொய் எழுதவில்லை. போன வருடம் உம் லைத் சொன்னதை எல்லாம் அப்படியே போட்டு, தேதியை மட்டும் விட்டுவிட்டாள். வந்தவர்கள் படித்துவிட்டுப் படத்தில் இருந்த பெண்ணின் சிரிப்பைப் பற்றிப் பேசினார்கள். அவர்களில் உயரமாக இருந்த ஒரு அம்மாள், இவளை நேரில் பார்க்க முடியுமா என்று ஆசைப்பட்டாள். ஹிக்மத் அடுத்த முறை கட்டாயம் என்றார். தக்ரீத் மேஜைக்கு அடியில் தன் விரல்களைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

புதன்கிழமை கையெழுத்துப் போட்டாள். பேனா நன்றாக எழுதவில்லை, இரண்டு முறை போட வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கே அமைச்சக வாசலில் நின்றாள். உத்தரவில் கையெழுத்திட்டவர் நவ்வாஃப் என்ற பொறியாளர். நாலாவது மாடி, ஒடுங்கிய அறை, மேஜை முழுக்கச் சாலை வரைபடம். ஐம்பது வயது இருக்கும், தூங்கி நாளானவர் போல முகம். அவர் கத்துவார், வழக்குப் போடுவேன் என்பார், மையத்தையே இழுத்து மூட வைப்பார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது பரிந்துரைக்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை, நான்தான் எழுதினேன், இடம் காலியாக இருந்தது, அதனால் எழுதினேன். ஆய்வு சொல்வது இதற்கு நேர் எதிர். முப்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

நவ்வாஃப் அட்டவணையை விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். அவளை உட்காரச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்துப் போக்குவரத்துப் போலீசில் யாருடனோ பேசினார். மாநகர எல்லைக்கு வெளியே, காலை ஏழு மணிக்கு முன்னால், அந்த உத்தரவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ரசீது போடாதீர்கள் என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். ஆமாம், எழுத்தில் மதியத்துக்குள் வரும் என்று வைத்துவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டாள் தக்ரீத்.

"அவ்வளவுதான். போடறதுக்கும் செலவில்லை, எடுக்கறதுக்கும் செலவில்லை. எங்க ஊர்லயும் பஸ் வாசல்லதான் நிக்கும், எனக்கு அப்பவே உறுத்துச்சு. ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்களேன்னு போட்டேன்." நவ்வாஃப் முப்பத்தெட்டாம் பக்கத்தைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். "இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

பதினைந்து நாள் முன்பு என்றாள். காப்பியைக் குடியுங்கள், ஆறுகிறது என்றார். மையத்துக்குத் தகவல் அனுப்புவீர்களா என்று அவள் கேட்டதற்கு, எதற்கு அனுப்ப வேண்டும், உத்தரவில் ஒரு திருத்தம், மாதத்துக்கு இருபது போடுகிறோம் என்றார். யாரும் அவளை வேலையை விட்டு அனுப்பப்போவதில்லை. யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை.

படியில் இறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் போய்விட்டது. கார் வரைக்கும்கூடப் பொறுக்க முடியாமல், அமைச்சக வாசலில் எள் ரொட்டி விற்கிறவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே உம் லைத்தைக் கூப்பிட்டாள். நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் குழந்தைகள் சத்தம்.

"உம் லைத், நல்ல செய்தி. ஞாயித்துக்கிழமையிலிருந்து பஸ் உங்க வாசல்ல நிக்கும். இப்பத்தான் அதிகாரியையே பாத்துப் பேசிட்டு வர்றேன்."

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும் டாக்டர்." அதே குரலில் தொடர்ந்தாள். "பெரியவருக்குப் போன வாரம் காய்ச்சல் வந்துருச்சு. சனிக்கிழமை என்னால போக முடியல, அதோட மூணு நாளாயிருச்சு. ஞாயித்துக்கிழமை போனா வாசல்லயே கார்டை வாங்கிக்கிட்டாங்க. என் மெஷின்ல வேற பொண்ணு உக்காந்திருந்தா, சின்னப் பொண்ணு. பரவால்ல. மத்தவங்களுக்காவது பஸ் நிக்கட்டும்."

தக்ரீத்துக்கு எள் ரொட்டிக்காரன் கூவுவது தூரத்தில் கேட்பது போலிருந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள். கேட்டபோதே எவ்வளவு அநியாயமான கேள்வி என்று உறைத்தது.

"ரெண்டு தடவை சொன்னேனே டாக்டர். நீங்களும் எவ்வளவுதான் பாப்பீங்க."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாததால் சொன்னாளா, சொல்ல வேண்டும் என்று சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது. அந்தச் சட்டத்துக்கு எழுதிக் கொடுத்தது நான்தான் என்று சொன்னாள். உங்கள் படம் போட்ட அதே தாளில்தான் எழுதினேன், தெரியாமல் எழுதிவிட்டேன் என்றாள். தொழிற்சாலைக்கு நானே வந்து பேசுகிறேன், வேறு இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள். உம் லைத் ஒரு குழந்தையை அதட்டி அப்பால் போகச் சொல்வது கேட்டது. பிறகு கதவு மூடுகிற சத்தம்.

"நான் முதல்ல ஃபோன் பண்ணப்ப, அது நீங்கதான்னு உங்களுக்குத் தெரியுமா டாக்டர்?"

"தெரியும்."

"ரெண்டாவது தடவை?"

"தெரியும்."

திட்டுவாள் என்று தக்ரீத் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"சரி, அடுப்புல சோறு இருக்கு" என்று சொல்லி உம் லைத் ஃபோனை வைத்துவிட்டாள்.